ஆர்வியாட்டில் பத்து வீடு: எந்த அஸ்திவாரம், எந்த வாசல், எந்தச் சுவர்?

கனடாவின் நூனாவுட் பிரதேசத்தில், ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் இருக்கிறது ஆர்வியாட். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,900-க்குச் சற்றுக் குறைவு. அநேகமாக எல்லாரும் ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுயிட். வெளியூருக்குச் சாலை கிடையாது. ஆண்டு முழுக்க விமானம், கோடையில் சில வாரம் கப்பல், அவ்வளவுதான். இப்படியோர் ஊரில் பத்துக் குடும்பங்களுக்கு அரசு வாடகை வீடு கட்டப் பணம் ஒதுக்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எதை, எப்படிக் கட்டுவது?

தேவையைச் சொல்ல இரண்டு எண் போதும். 2021 கணக்கெடுப்பின்படி, கனடாவின் இனுயிட் தாயகப் பகுதிகளில் வாழும் இனுயிட் மக்களில் 52.9 விழுக்காட்டினர் நெரிசலான வீட்டில் இருக்கிறார்கள். 32.7 விழுக்காட்டினரின் வீடு பெரிய பழுதுபார்ப்புக்குக் காத்திருக்கிறது. முதல் எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியது நிதி அமைச்சகம். இரண்டாவது எண்ணில் வரைபடம் போட்டவர்களுக்கும் பங்கு உண்டு.

அதனால் எல்லாத் தேர்வுகளையும் ஒரே கேள்வியில் உரசிப் பார்க்கிறோம். மார்ச் மாதம், வெளியே மைனஸ் 35, அடுத்த கப்பலுக்கு ஐந்து மாதம். உள்ளூர் பராமரிப்பு ஆட்கள், ஊர்க் கிடங்கில் இருக்கும் பொருளையும் கருவியையும் வைத்தே இதைச் சரிசெய்ய முடியுமா? முடியாது என்றால், தெற்கே எவ்வளவு நல்ல பெயர் வாங்கிய பொருளாக இருந்தாலும் இங்கே அது பின்வரிசையில்தான் நிற்க வேண்டும்.

கூட்டங்களில் பாதி நேரம் சுவரைப் பற்றிய வாக்குவாதத்தில் கரைந்துவிடும். பேனலா, மரச்சட்டமா, தொழிற்சாலையில் செய்த பெட்டி வீடா என்று. எங்கள் வரிசை வேறு: முதலில் தரை, பிறகு வாசல், பிறகு காற்றும் தண்ணீரும். சுவர் கடைசி.

தரை

வீட்டுக்குக் கீழே பெர்மாஃப்ராஸ்ட் எனும் நிரந்தர உறைநிலம். கோடையில் மேலே ஒன்றிரண்டு மீட்டர் உருகி, குளிர்காலத்தில் மறுபடி இறுகும். அதற்குக் கீழே உருகாது, உருகவும் விடக் கூடாது. வீட்டின் சூடு கீழே இறங்கினால் நிலத்திலுள்ள பனிக்கட்டி கரையும், நிலம் அமிழும், அமிழ்வதும் ஒரே சீராக இருக்காது. ஆர்வியாட்டில் இன்னொரு சிக்கல், உப்பு. ஊர் நிற்பது ஒருகாலத்தில் கடலுக்கடியில் இருந்த தாழ்ந்த நிலத்தில். உப்பு கலந்த மண் மைனஸ் 2, 3 டிகிரியிலும் முழுதாக உறையாது. கொஞ்சம் நீர் திரவமாகவே கிடக்கும். தெர்மாமீட்டர் உறைநிலைக்குக் கீழே காட்டுகிறது என்பதற்காக நிலம் பாரம் தாங்கும் என்று நம்பிவிட முடியாது.

முதல் வழி எஃகுக் குழாய் பைல், அதாவது நிலத்துக்குள் இறக்கும் தூண். மூன்று நான்கு மீட்டரில் பாறை தட்டினால் யோசிக்கவே வேண்டாம்: துளைத்து, பாறைக்குள் இறக்கி, கிரவுட் என்னும் சிமென்ட் குழம்பு ஊற்றிப் பூட்டிவிடலாம். பாறை எட்டாத ஆழத்தில் இருந்தால் பைல் மண்ணோடு உறைந்து ஒட்டும் பிடிப்பையே நம்ப வேண்டும். பைலைவிட அகலமான துளை போட்டு, பைலை நிறுத்தி, சுற்றிலும் மணலும் தண்ணீரும் குழைத்து ஊற்றி, அது உறையும்வரை பாரம் ஏற்றாமல் காத்திருக்க வேண்டும். உறைந்துவிட்டதா என்பதைத் துளையில் விட்ட வெப்பமானிக் கம்பியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நாள்காட்டியைப் பார்த்துச் சொல்வது தவறு. பருவத்துக்குப் பருவம் உருகி இறுகும் மேலடுக்கு பைலைப் பிடித்து மேலே தூக்காதிருக்க, மேல் இரண்டு மீட்டருக்குக் கிரீஸ் தடவி பாலிதீன் சுற்றுவார்கள். உப்பு மண்ணில் இந்தப் பிடிப்பு பலவீனம். பாரம் தொடரத் தொடர பைல் மெல்ல வழுகி இறங்கும். ஈடுகட்ட நீளத்தைக் கூட்ட வேண்டும். துளையிடும் ரிக்கும் கப்பலில் வந்தாக வேண்டும், பத்து வீட்டுக்கு மட்டும் கொண்டுவந்தால் செலவு கட்டுபடியாகாது. இவ்வளவும் செய்த பிறகு ஒரு பைல் இறங்கினால், அதை மேலே ஏற்ற எளிய வழியும் கிடையாது.

இரண்டாவது, சரளை மேடையின் மேல் முப்பரிமாண எஃகுச் சட்டகம். குழாய்களும் முடிச்சுகளுமாகக் கட்டாக வரும். நாலைந்து பேர் கைக்கருவிகளோடு கோத்துவிடலாம். கீழே தட்டுகள், ஒவ்வொன்றிலும் திருகு ஜாக்கி. இதன் அருமை எங்கே தெரியும் என்றால், நிலம் ஒரு மூலையில் இறங்கும்போது. சட்டகம் விறைப்பானது, வீடு முறுக்கிக்கொள்ளாமல் மொத்தமாகச் சாயும். ஜிப்சம் பலகையில் விரிசல் விழாது, கதவு இறுகாது, முக்கியமாக, உள்ளேயுள்ள ஈரம் சுவருக்குள் போகாமல் தடுக்கும் ஆவித்தடுப்பு ஷீட் கிழியாது. பிறகு ஒருநாள் மட்டப்பலகையும் ஸ்பேனருமாகப் போய் ஜாக்கிகளைத் திருகிச் சமன்செய்துகொள்ளலாம். மேலே கேட்ட மார்ச் மாதக் கேள்விக்கு இதைப்போலத் தெளிவாகப் பதில் சொல்லும் அஸ்திவாரம் வேறில்லை.

ஆனால் மேடை சரியாக இருந்தால்தான் இதெல்லாம். சரளை ஒரு மீட்டராவது கனம் வேண்டும். வீட்டின் விளிம்பைத் தாண்டி ஒன்றரை மீட்டராவது நீள வேண்டும். மேற்பரப்பு வெளிப்பக்கம் வாட்டமாக இருக்க வேண்டும். கட்டுவதற்கு முந்தைய ஆண்டே கொட்டிவிட்டால், ஒரு குளிர்காலம் முழுக்க அமர்ந்து, உறைநிலம் மேடைக்குள் ஏறிவரவும் அவகாசம் கிடைக்கும். அதே கோடையில் கொட்டி அதே கோடையில் வீட்டை ஏற்றினால், முதல் இரண்டு ஆண்டும் ஜாக்கி திருகுவதே வேலையாகிவிடும். மேடைக்குக் கீழே இருக்கும் பாசியையும் கரி மண்ணையும் சுரண்டி எடுக்கக் கூடாது. தெற்கிலிருந்து வரும் ஒப்பந்தக்காரர் பழக்கதோஷத்தில் முதலில் செய்வது அதைத்தான். நிலத்தின் இயற்கையான போர்வையே அதுதான் என்பதை ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் போட்டுவிடுவது நல்லது.

வீட்டின் தரைக்கும் சரளை மேடைக்கும் நடுவே குறைந்தது 60 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், 90 இருந்தால் நிம்மதி. குளிர்காற்று அடியில் ஓடினால்தான் நிலம் உறைந்தே இருக்கும். இங்கேதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. தரை ஜில்லென்று இருக்கிறது என்று குடியிருப்பவர்கள் பிளைவுட் அடித்து அடியை மூடுவார்கள், உள்ளே சாமான்களையும் அடுக்குவார்கள். இரண்டு மூன்று ஆண்டில் நிலம் சூடேறும். அவர்கள்மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை. தரையின் இன்சுலேஷனை ஆர்-40-க்குக் கீழே குறைத்தவர்தான் (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு) அந்தப் பிளைவுட்டுக்குப் பொறுப்பு. சாமான்களுக்குத் தனிக் கொட்டகை கட்டித் தராதவரும்தான்.

மூன்றாவது, தரையோடு கான்கிரீட் போட்டு அடியில் தெர்மோசைஃபன் குழாய் பதிப்பது. கார்பன் டையாக்சைடு நிரப்பி மூடிய குழாய்; குளிர்காலத்தில் நிலத்தின் சூட்டை வாங்கி வெளியே நிற்கும் ரேடியேட்டரில் விட்டுவிடும், மின்சாரம் தேவையில்லை. வாகனம் ஏறும் தீயணைப்பு நிலையத்துக்கும் பெரிய பள்ளிக்கூடத்துக்கும் பொருத்தம். வீட்டுக்கு வேண்டாம். வாயு கசிந்தால் வெளியில் அறிகுறி எதுவும் தெரியாது. தெரியவரும்போது தரை இறங்கியிருக்கும், சரிசெய்பவர் தெற்கிலிருந்து வர வேண்டும். இதற்கென்றே சிஎஸ்ஏ எஸ்500 என்ற கனடியத் தரநிலை 2014-ல் வந்தது. அதைப் படித்தாலே எவ்வளவு கவனம் கேட்கும் ஏற்பாடு என்பது புரியும்.

மரக்கட்டை அடுக்கி ஆப்பு வைக்கும் பழைய முறையை ஒரு வரியில் முடிக்கலாம்: மலிவு, ஆனால் ஆண்டுதோறும் ஆள் வேண்டும்.

ஆக, பத்து மனையிலும் துளைபோட்டுப் பார்த்து, பாறை கிட்டத்தில் இருந்தால் பைல், இல்லையென்றால் சட்டகம். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் வட கியூபெக்கின் நூனாவிக் பகுதியிலுள்ள சலூயிட் ஊரை நினைத்துக்கொள்ளலாம். அங்கே 1998-ல் புதுக் குடியிருப்புப் பகுதிக்கு அருகே உருகிய மேலடுக்கு சரிந்ததால், வீடுகளை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது.

வாசலும் அறைகளும்

அடுத்த தேர்வு: இரண்டு ஐந்துவீட்டுத் தொகுதிகளா, ஐந்து இரட்டை வீடுகளா?

எண்ணெய்க் கணக்கு தொகுதியின் பக்கம். ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 டிகிரி-நாள் (ஒவ்வொரு நாளின் குளிரையும் கூட்டிவரும் அளவு) சூடாக்கம் கேட்கும் ஊர் இது. டொராண்டோவைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். வெளிச்சுவர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு எரிபொருள் மிச்சம். அஸ்திவாரமும் தண்ணீர் லாரி நிற்கும் இடமும் குறையும். காத்திருப்போர் பட்டியலில் தனியாள்களும் இளம் தம்பதிகளும் நிறைய. பெரிய குடும்பங்களின் வீட்டுக்கூடத்தில் படுத்துக்கொள்கிறவர்கள் இவர்கள்தாம். அவர்களுக்கு ஒன்றிரண்டு படுக்கையறை வீடு போதும்.

தொகுதியின் குறை வேறிடத்தில். ஒரு பாய்லர் அறை நின்றால் ஐந்து குடும்பம் குளிரில். தீப்பிடித்தாலும் அதே கணக்கு, தண்ணீர் லாரியையும் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களையும் நம்பியிருக்கும் ஊர் என்பதை மறக்கக் கூடாது. இன்னொன்று, மாடி வீட்டுக்காரர் கடல்நாயை எங்கே வைத்து அறுப்பார்?

இது வேடிக்கைக் கேள்வி அல்ல. கரிபூ மான், கடல்நாய், சார் மீன், பெலூகா திமிங்கிலத்தின் தோலும் கொழுப்புமான மக்தாக் எல்லாம் முழுசாகவோ பெருந்துண்டாகவோ வீட்டுக்கு வருகின்றன. தரையில் அட்டை விரித்து, சுற்றி உட்கார்ந்து, உலு என்ற பிறைக் கத்தியால் அறுத்துப் பங்கிடுவது வழக்கம். 1960-களில் அரசு இறக்கிய தீப்பெட்டி வீடுகளும், பிறகு தெற்கின் புறநகர் வரைபடத்தை அப்படியே நகலெடுத்த வீடுகளும் இதற்கு இடமே விடவில்லை. இறைச்சி குளியல் தொட்டியில் உருகியது. தோல் உடைகள் ஃபர்னஸ் சூட்டில் காய்ந்து விறைத்தன. மக்களோடு உட்கார்ந்து வடிவமைத்து 2015-ல் நூனாவிக்கின் குவாக்டாக் ஊரில் கட்டிய மாதிரி இரட்டை வீட்டில், சூடில்லாத ஒரு நுழைவறையும் சூடான ஒரு நுழைவறையும் அடுத்தடுத்து வந்தன. நாங்கள் அதைக் குளிர் ரேழி, சூடு ரேழி என்று சொல்லிக்கொள்கிறோம்.

குளிர் ரேழிக்கு எங்கள் அளவு 2.4-க்கு 3 மீட்டர். அதற்குக் குறைந்தால் ஃப்ரீசரும் ஸ்லெட் சாமானும் வைத்த பிறகு ஆள் நுழைய முடியாது. தளம் கழுவக்கூடிய ஒட்டுப்போடாத ஷீட். கொக்கிகள் சுவரின் சட்டத்தில் திருகியவை, பலகையில் திருகியவை அல்ல. வீட்டுக்கும் இதற்கும் நடுவிலுள்ள சுவரும் கதவும் வெளிச்சுவருக்கு நிகரான இன்சுலேஷனும் காற்றடைப்பும் உள்ளவையாக இருக்க வேண்டும். இதை உட்சுவராக நினைத்து வரைந்துவிடுவது சாதாரணமாக நடக்கும் பிசகு. நடுவிலுள்ள கதவு சட்டத்தோடு உறைந்து ஒட்டிக்கொள்வதில் அது தெரிந்துவிடும். உள்ளே சமையலறையும் கூடமும் ஒன்றாக, நடுவில் குறைந்தது 3-க்கு 3 மீட்டர் வெறுந்தரை, பக்கத்தில் ஆழமான பெரிய ஸ்டெயின்லெஸ் தொட்டி. மூத்தவர் வீட்டில் இருபது பேர் கூடிச் சாப்பிடும் நாள்கள் உண்டு.

வாசல் எந்தத் திசை என்பதும் சாதாரண விஷயம் அல்ல. இந்தக் கரையில் பெருங்காற்று வடமேற்கிலிருந்து. கதவு காற்றுக்கு நேராக இருந்தால் பனிப்பொடி உள்ளே ஏறும். காற்றுக்கு நேர்ப்பின்பக்கம் இருந்தால் சுழலில் பனிமேடு கதவை மூடும். காற்று உரசிப்போகும் பக்கச் சுவரில் வைப்பதே சரி. கதவு உள்பக்கம் திறக்க வேண்டும். வெளியே பனி குவிந்தால் தள்ளித் திறக்க முடியாது.

எங்கள் பரிந்துரை கலவைதான்: ஒரு ஐந்துவீட்டுத் தொகுதி, அதோடு நான்கு குடும்பத்துக்கு இரண்டு இரட்டை வீடுகளும் ஒரு தனி வீடும். தொகுதியின் எல்லா வீட்டுக்கும் வாசல் தரைமட்டத்தில், ஆளுக்கொரு குளிர் ரேழி. மேல்தளம் இருந்தால் அது அதே வீட்டின் படுக்கையறையாக இருக்கட்டும். பாய்லர் ஒன்றல்ல, இரண்டு சிறியது. ஒன்று நின்றாலும் மற்றது வீட்டை உறையாமல் காக்கும். ஒரே அளவில் பத்து வீடு வாங்கினால் விலை குறையும் என்று கணக்கர் சொல்வார். சொல்வது உண்மை, ஆனால் காத்திருப்போர் பட்டியலில் ஒரே அளவுக் குடும்பங்கள் இல்லை.

காற்று, தண்ணீர்

நான்கு படுக்கையறை வீட்டுக்கு அறைக் கணக்கில் காற்றோட்டம் பார்த்தால் விநாடிக்கு 45 லிட்டர் அளவில் வரும். அதே வீட்டில் பத்துப் பேர் இருந்தால், நபருக்கு 7.5 லிட்டர் என்று 75 வேண்டும். வரைபடத்தில் உள்ள குடும்பத்துக்கு அல்ல, உண்மையில் இருக்கப்போகும் குடும்பத்துக்குக் கருவியைத் தேர்ந்தெடுங்கள். வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றும் எச்ஆர்வி கருவியை நூனாவுட்டில் குழந்தைகள் உள்ள வீடுகளில் வைத்து ஆராய்ந்த முடிவுகள் 2009-ல் வந்தன: கார்பன் டையாக்சைடும் குறைந்தது, குழந்தைகளின் இழுப்பும் குறைந்தது. காசநோய் இன்னும் ஓயாத ஊர்களில் இது ஆடம்பரம் அல்ல.

ஆனால் பல வீடுகளில் கருவி அணைந்தே கிடக்கும். கட்டிலுக்கு மேல் குளிர்காற்று கொட்டுகிறது, சத்தம் போடுகிறது, மைனஸ் 40-ல் உள்ளே பனிக்கட்டி அடைக்கிறது. குளிருக்கும் பனிக்கும் மருந்து உண்டு. வரும் காற்றை முன்சூடாக்கும் சுருள். காற்றுவாயைக் கட்டிலைவிட்டுத் தள்ளி, உத்தரத்தருகே வைப்பது. வெளிவாய்க்குப் பனிப்பொடி கீழே விழுந்து தங்கும் அகலமான கூண்டு. பில்டர் ஏணி இல்லாமல் கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

தண்ணீர் லாரியில் வருகிறது, கழிவுநீர் லாரியில் போகிறது. வழக்கமான 1,200 லிட்டர் தொட்டி, எட்டுப் பேர் ஆளுக்கு 90 லிட்டர் புழங்கினால் இரண்டாம் நாளிலேயே காலி. பனிப்புயல் மூன்று நாள் லாரியை நிறுத்தும். எங்கள் அளவு 2,400. கழிவுத் தொட்டி அதைப்போல ஒன்றரை மடங்கு, 3,600. இரண்டும் நிரம்பினால் 6 டன். அந்த அறையின் தரைக்குத் தனிக் கணக்கு போட்டு, நேர் கீழே சட்டகத்தின் முடிச்சு வரும்படி வைக்க வேண்டும். கழிவுத் தொட்டி நிரம்பினால் மிதவைச் சுவிட்ச் தண்ணீர் பம்பை நிறுத்திவிடும். குழாயில் தண்ணீர் வரவில்லை, தொட்டியிலோ தண்ணீர் இருக்கிறது, பம்ப் போய்விட்டது என்று கழற்ற ஆரம்பிப்பார்கள். சமையலறையில் ஒரு சிவப்பு விளக்கு இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். ஒரு குழாய்கூடத் தரைக்கு அடியில் ஓடக் கூடாது.

சுவர்

பெட்டி வீட்டை முதலில் தள்ளிவிடலாம், குறைந்தபட்சம் இந்தப் பத்துக்கு. கப்பல் கட்டணம் ஆயிரம் கிலோ அல்லது 2.5 கன மீட்டர், எது கூடுதலோ அந்தக் கணக்கில். 15 மீட்டர் நீளம், 4.2 அகலம், 3.3 உயரமுள்ள ஒரு பெட்டி 208 கன மீட்டர். பட்டியல் கட்டணத்தில் 83 டன்னாக நிற்கும். அதன் அசல் எடை இதில் சிறு பகுதிதான். காற்றுக்குக் காசு கட்டுகிறோம். ஆழமில்லாத கரையில் கப்பல் தள்ளி நின்று, பார்ஜ் என்னும் தட்டைப் படகில் இறக்கி, கிரேன் இல்லாத ஊரில் சட்டகத்தின் மேல் ஏற்ற வேண்டும். தொழிற்சாலையின் நேர்த்தியான வேலைப்பாடு உண்மை. உள்ளூர்த் தச்சர்களுக்கு அதில் வேலை இல்லை என்பதும் உண்மை, பிற்பாடு பழுதுபார்க்கப்போவது அவர்கள்தாம்.

நுரை நிரப்பிய எஸ்ஐபி பேனலில் கூடு சில நாளில் நிமிர்ந்துவிடும். குறுகிய கோடைக்கு அது பெரிய வரம். பலவீனம் மூட்டில். பேனலுக்கும் பேனலுக்கும் நடுவிலுள்ள சந்து முழுநீளமும் அடைபடவில்லை என்றால், ஈரமான உட்காற்று அதில் ஏறி வெளிப்பலகையின் உள்முகத்தில் உறைந்து, வசந்தத்தில் உருகி, பலகையை அழுக வைக்கும். அலாஸ்காவின் ஜூனோவில் இப்படிக் கூரைகள் கெட்ட கதை கட்டுமானத் துறையில் பிரசித்தம். நெரிசலான வீட்டில் ஈரம் இன்னும் அதிகம். பார்ஜில் ஒரு பேனல் மூலை உடைந்தால் மாற்று இங்கே கிடைக்காது.

மிச்சமிருப்பது மரச்சட்டம். மெதுவானது, ஆனால் ஒவ்வொரு துண்டும் ஊர்க் கடையிலோ பழைய கிடங்கிலோ கிடைக்கும். 38-க்கு 140 மி.மீ. சட்டம், உள்ளே ஆர்-22 கல்கம்பளி, வெளியே 100 மி.மீ. இபிஎஸ் நுரைப்பலகை ஆர்-16. ஏன் 75 போதாது? ஆவியை எளிதில் விடாத பொருளை வெளியே ஒட்டினால், வெளி ஆர்-ஐ உள் ஆர்-ஆல் வகுத்த விகிதம் 10,000 டிகிரி-நாள் அளவில் 0.55 முதல் 0.60 வரையாவது இருக்க வேண்டும். 75 மி.மீ. சுமார் ஆர்-12, விகிதம் 0.55-ஐக்கூட எட்டாது. 100 போட்டால் 0.73. உள்பக்கம் 0.15 மி.மீ. பாலிதீன், அதற்கு முன்னால் 38 மி.மீ. பட்டி அடித்து, மின்கம்பிகளை அந்த இடைவெளியில் ஓட்ட வேண்டும். அப்போதுதான் எலக்ட்ரீஷியன் ஷீட்டில் கத்தி வைக்க மாட்டார். அந்த இடைவெளியில் இன்சுலேஷன் நிரப்பாதீர்கள், விகிதம் மறுபடி இறங்கிவிடும். கூரையில் வழக்கமான காற்றுத்துளை வேண்டாம். மாவுபோன்ற பனி அதன் வழியே பரணில் ஏறி, மே மாதம் உத்தரத்திலிருந்து சொட்டும்.

காலக்கெடு இது: முதல் கோடையில் மண் பரிசோதனை, சரளை மேடை. அந்தக் குளிர்காலத்தில் வரைபடம் முடிந்து, பிப்ரவரிக்குள் டெண்டர். ஜூன் இறுதிக்குள் சாமான் கியூபெக் துறைமுகத்தில் இருக்க வேண்டும். ஆகஸ்டில் சட்டகம், அக்டோபர் முடிவுக்குள் கூடு அடைபட்டாக வேண்டும், உள்வேலை குளிர்காலம் முழுக்க. அதே கப்பலில், ஒவ்வொரு ஐந்து வீட்டுக்கும் ஒரு உதிரிப் பெட்டி: பர்னர் நாசில் பத்து, சுற்றோட்ட பம்ப் இரண்டு, எச்ஆர்வி மோட்டார் ஒன்று, பில்டர் இரண்டு ஆண்டுக்கு, மிதவைச் சுவிட்ச் நான்கு, வெளிக்கதவு ஒன்று சட்டத்தோடு. பெட்டியின் சாவி ஒப்பந்தக்காரரிடம் அல்ல, ஊர்ப் பராமரிப்பு ஆட்களிடம்.